இடி இடித்தால் கழற்றும் வீடுகள்

"உங்கள் கரையோரப் பெட்டிகளை வெட்டிவிடலாம் என்று நினைக்கிறோம்" என்று இணையக் கூட்டத்தில் கம்பனிப் பொறியியலாளர் சொன்னபோது, நான் கற்பிட்டி வீதியில் எங்கள் வீட்டு முன்னறையில் இருந்து பாணைச் சம்பலில் தொட்டுக்கொண்டிருந்தேன். கமராவை மூடி வைத்திருந்தது நல்லதாய்ப் போயிற்று. என் முகத்தை அந்த நேரத்தில் அவர் பார்த்திருந்தால் எங்கள் கூட்டு ஆய்வு அன்றைக்கே முடிந்திருக்கும்.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்று உம்மா சொல்வார். அன்று அது மூக்கைத் தாண்டிவிட்டது. ஆனாலும் பாணை விழுங்கிவிட்டுத்தான் கேட்டேன், ஏன் என்று.

"அடிக்கடி மௌனமாகிவிடுகின்றன. நம்ப முடியாத தரவு. மற்ற மாவட்டங்கள் போதும்" என்றார். அவர் நல்ல மனிதர். குரலை உயர்த்தியதே இல்லை. கடல் கடந்த ஏதோ ஒரு நகரத்தில், ஜன்னலுக்கு வெளியே மழைத்தூறல் தெரியும் அறையில் இருந்துகொண்டு, எங்கள் கரையை ஒரு வரியில் அழிக்கப் பார்த்தார்.

நான் கொழும்பில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவி. அந்தக் கம்பனி, மக்கள் பார்க்கும் காணொளிகளையும் பக்கங்களையும் உலகமெங்கும் வீடுகளுக்குக் கொண்டு சேர்க்கிறது. ஒரு வீட்டிலிருந்து வரும் கேள்விக்கு எந்த நகரத்து இயந்திரம் பதில் சொல்ல வேண்டும் என்று அவர்களுடைய பெரிய அமைப்பு ஒன்று நொடிக்கு நொடி தீர்மானிக்கும். எங்களுக்குப் பக்கத்தில் இருப்பது கொழும்பு. அங்கே போக முடியாவிட்டால் கடலுக்கு அப்பால் தூரத்து நகரம். அந்த அமைப்பு எங்களைப் போன்ற இடங்களில் சரியாகத் தீர்மானிக்கிறதா என்று பார்ப்பதுதான் பல்கலைக்கழகமும் கம்பனியும் சேர்ந்து செய்த ஆய்வு. அதற்காக உள்ளங்கை அளவுப் பெட்டிகளை வீடுகளில் வைத்தோம். வீட்டு ரவுட்டரோடு ஒரு வயரால் சேர்ந்து, பதில் எங்கிருந்து வருகிறது, எவ்வளவு நேரத்தில் வருகிறது என்று அவை எழுதிக்கொண்டே இருக்கும்.

புத்தளத்துக் கரையைச் சேர்க்கச் சொல்லிப் பேராசிரியரிடம் மன்றாடியவள் நான். சேர்த்த பிறகு வெட்டினால், ஆய்வு முடிந்து கம்பனி தன் அமைப்பைத் திருத்தும்போது எங்கள் கரை கணக்கிலேயே இருக்காது. இங்கே நெட் ஏன் இப்படி இழுபடுகிறது என்று கேட்க இன்னொரு தடவை யாரும் வரப்போவதில்லை. எனக்கு அது தெரியும். அதனால்தான் கேட்டேன்:

"மூன்று கிழமை தாருங்கள். ஏன் மௌனம் என்று நான் சொல்கிறேன்."

"ஆய்வில் எந்த இடங்கள் என்ற பட்டியலைப் பூட்டுவதற்கு அவ்வளவு நாள்தான் இருக்கிறது" என்றார்.

"அதைத்தான் நானும் கேட்கிறேன்."

மறுநாள் காலை வாப்பாவின் ஓட்டோவில் கிளம்பினேன். வாப்பாவுக்கு ஓட்டம் தரும் வாடிக்கையாளர்கள் உண்டு. மகளுக்கு மட்டும் ஓட்டம் இலவசம், ஆனால் வழிநெடுகப் பேச்சு உண்டு.

"மகள், உப்புக் காத்து. அதான் பெட்டிய தின்னுது. எங்கட டீவீயத் தின்னல்லயா?"

"பாப்பம் வாப்பா."

"இல்லாட்டி கரண்ட். கரண்டுதான்."

அவர் சொன்ன இரண்டையும் நானும் நினைத்துத்தான் இருந்தேன். துருப்பிடித்த முனைகளைச் சுரண்ட மணல்தாள்கூடப் பையில் வைத்திருந்தேன். படித்தவள் என்ற பெயருக்கு ஏற்ற ஆயத்தம்.

முதல் வீடு எங்கள் குடியிருப்பிலேயே, நாலு ஒழுங்கை தள்ளி. அந்த வீட்டுப் பெண்ணை ராத்தா, அதாவது அக்கா, என்று கூப்பிடுவேன்; ஆனால் சொந்தமில்லை. அவருடைய குடும்பமும் எங்கள் குடும்பமும் தொண்ணூறில் மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்டு ஒரே வாரத்தில் இங்கே வந்து சேர்ந்தவை. ராத்தா அபாயா தைப்பவர். தைத்ததைப் பின்னேரங்களில் போனில் நேரலையாகக் காட்டி விற்பார். எந்தத் துணி, எந்தக் கைவேலை, எவ்வளவு நீளம் என்று அவர் காட்டக் காட்ட, கத்தாரிலும் கம்பளையிலும் இருந்து பெண்கள் கேள்வி கேட்பார்கள். மழைக்காலத்தில் மட்டும் படம் உறைந்துபோய், அவருடைய கை துணியில் வைத்தபடியே நின்றுவிடும். பார்ப்பவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுவிடுவார்கள்.

சலாம் சொல்லிவிட்டு உள்ளே போனேன். ரவுட்டர் இருந்தது. பெட்டி இருந்த இடத்தில் பெட்டி இல்லை.

"ராத்தா, பெட்டி எங்க?"

"பயப்படாதீங்க தங்கச்சி. பத்திரமா கெடக்கு."

அவர் உள்ளறைக்குப் போய் இடுப்பிலிருந்த திறப்பை எடுத்து அலுமாரியைத் திறந்தார். நகைப் பெட்டிக்கும் பாஸ்போட்டுகளுக்கும் பக்கத்தில், வெள்ளைத் துணியில் சுற்றி, அதற்கு மேல் பொலித்தீனால் கட்டி, பச்சைப்பிள்ளையை வெளியே எடுப்பது போல எடுத்தார் எங்கள் பெட்டியை.

நான் பெட்டியைக் கையில் வாங்கிப் பார்த்தேன். பிறகு கேட்டேன், "இத ஏன் ராத்தா உள்ள வச்சீங்க?"

"நீங்கதானே அமானிதம் எண்டு சொல்லித் தந்தீங்க! நான் கடைக்குப் போனா புள்ளகள் தட்டிப் போட்டா? இடி இடிச்சிப் பத்திப்போனா? நாளைக்கி நான் என்ன பதில் சொல்ற?"

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். நான் என் வாயாலேயே என் ஆய்வைக் கெடுத்திருந்தேன். பெட்டியோடு கொடுத்த தாளில், எப்போதும் மின்சாரத்தில் இருக்க வேண்டும் என்று நல்ல தமிழில், தடித்த எழுத்தில் அடித்திருந்தோம். அந்தத் தாளை யாரும் படிக்கவில்லை. யார் படிப்பார்? கொடுக்கும்போது நான் சொன்னதைத்தான் கேட்டார்கள். மற்றவர்களிடம் சம்மதம் வாங்கப் பத்து நிமிடம் பேச வேண்டியிருந்தபோது, எங்கள் வீடுகளில் ஒரே சொல்லில் காரியம் முடிந்ததில் எனக்குப் பெருமை வேறு. "இது கம்பஸ்ட அமானிதம் ராத்தா" என்றேன். கதை முடிந்தது.

அமானிதம் என்றால் பிறர் நம்பித் தந்த பொருள். கேட்கும்போது தந்தபடியே திருப்பிக் கொடுக்க வேண்டும். கெட்டால் மறுமையில் பதில் சொல்ல வேண்டும். அதை யாரும் பாவிக்கமாட்டார்கள், காப்பார்கள். அதுவும் எங்கள் குடியிருப்பில். எங்கள் வீட்டுத் திறப்பைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வந்து, பிறகு எங்கள் வீட்டையே காணாமல் போனவர்கள் நாங்கள். எங்களிடம் தந்த பொருள் எப்படி இருக்க வேண்டும் என்பதில் எங்கள் ஆட்களுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. இதெல்லாம் எனக்குத் தெரியாததா? அந்தப் பிடிவாதத்தில் வளர்ந்துவிட்டு அந்தச் சொல்லைப் போய் ஒரு இயந்திரத்துக்குப் பாவித்தேனே என்று என் மீதே ஆத்திரமாக வந்தது.

அன்றும் மறுநாளும் எல்லா வீட்டுக்கும் போனோம். உடப்பு மீனவக் கிராமத்தில் நான் அமானிதம் என்று சொல்லியிருக்கவில்லை. "கம்பஸ் சாமான், கவனம்" என்றுதான் சொன்னேன். அங்கே வலை தைக்கும் குடும்பத்து அக்கா என்னைச் சாமியறைக்கே கூட்டிக்கொண்டு போனார். சரஸ்வதி படத்துக்குக் கீழே பாடப்புத்தகங்களோடு எங்கள் பெட்டி, நெற்றியில் சந்தனமும் குங்குமமுமாக உட்கார்ந்திருந்தது.

"வாணி விழாவுக்கு வச்சது தங்கச்சி. படிப்புச் சாமான்தானே. பூசை முடியுமட்டும் தொடக் கூடாது."

"பூசை முடிஞ்சு நாலு நாளாச்சே அக்கா."

"ஓம். பிறகு பாத்தா வடிவாயிருந்துது. அப்பிடியே விட்டுட்டன்."

வாப்பா வாசலில் நின்று சிரித்த சிரிப்பில் ஓட்டோவே குலுங்கியிருக்கும். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு காரணம். ஆனால் எல்லா வீட்டுக்கும் பொதுவான காரணம் ஒன்று இருந்தது: இடி. தூரத்தில் ஒரு உறுமல் கேட்டால் போதும், டீவீ, ரவுட்டர், எங்கள் பெட்டி எல்லாவற்றின் பிளக்கையும் இந்தக் கரையில் எல்லாரும் கழற்றிவிடுவார்கள். ஐப்பசி மாதத்தில் அது கிட்டத்தட்டத் தினமும் நடக்கும்.

பேராசிரியருக்குப் போன் எடுத்தேன். அவர் சிங்களவர், கண்டிப்பானவர், என் மேல் எனக்கே இல்லாத நம்பிக்கை வைத்தவர். நடந்ததைச் சொன்னேன். குங்குமத்தைச் சொல்லும்போது மறுபக்கம் சத்தமே இல்லை. கோபிக்கிறார் என்று நினைத்தேன். பார்த்தால் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்திருக்கிறார்.

"சரி. அப்ப பெட்டியில பிழையில்ல, லைனில பிழையில்ல, உன்னிலதான் பிழை. அத அப்பிடியே கம்பனிக்கு எழுது."

"எழுதினா வெட்டிடுவாங்க மெடம்."

"எழுதாட்டி நாங்களே வெட்டுப்பட்டுப் போவம்."

எழுதினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை எனக்கு வராது. பொறியியலாளரின் பதில் அன்றைக்கே வந்தது, மரியாதையாக, ஒரு வரியில்: இனி வெட்டுவதற்குத் தெளிவான காரணம் கிடைத்துவிட்டது, நன்றி.

அன்று எனக்கு அழுகை வந்தது. அதை மறைக்கவும் எனக்கு விருப்பமில்லை. குளியலறைக்குப் போய் வாளி நிறைய நீரைத் தலையில் ஊற்றிவிட்டு வெளியே வந்தேன். மிச்சம் ஒரே ஒரு பெட்டிதான் நான் பார்க்காமல் இருந்தது. முந்தலில் ஒரு இறால் பண்ணையில். அது ஒரு நாளும் மௌனமாகவில்லை என்பதால் அங்கே போக அவசியம் இருக்கவில்லை. தோற்றவளுக்குக் கடைசியாக ஒன்றையாவது ஓடும் நிலையில் பார்க்க வேண்டும் போலிருந்தது.

இறால் தொட்டிகளில் தண்ணீரை அடித்துக் காற்றுக் கொடுக்கும் சக்கரங்கள் நிற்கக் கூடாது. நின்றால் இறால் மிதக்கும். அதனால் பண்ணையில் கரண்ட் போனால் உடனே ஜெனரேட்டர் பிடிக்கும், இடி இடித்தாலும் யாரும் எதையும் கழற்றமாட்டார்கள். எங்கள் பெட்டி அந்தச் சக்கரங்களின் சுவிட்சுகளோடு ஒரே பலகையில் இருந்தது. நான் போய்ச் சேர்ந்து கொஞ்ச நேரத்தில் மதியத் தொழுகைக்கான லுஹர் பாங்கு கேட்டது. பின்னாலேயே இடியும் வந்தது.

பண்ணையைப் பார்த்துக்கொள்பவர் சிலாபத்துக்காரர், தமிழும் சிங்களமும் கலந்து பேசுகிறவர். கதிரையை எனக்குத் தள்ளிவிட்டுச் சொன்னார்:

"இங்க நெட் கட்டாகிறதில்ல மிஸ். ஆனா இடி தொடங்கினா வீடியோ ஓடாம சும்மா சுத்துது. மழ விட்டு வானம் வெளிச்சாலும் சுத்துது. ராவாகுமட்டும் அப்பிடித்தான்."

"மழையால இருக்கும்" என்றேன், யோசிக்காமல்.

"மழ விட்ட பிறகு என்ன மிஸ் மழை?"

நான் மடிக்கணினியைத் திறந்து, அந்தப் பெட்டி அப்போது எழுதுவதை நேரடியாகப் பார்த்தேன். இடிக்கு முன் பதில்கள் கொழும்பிலிருந்து வந்தன. லைன் அறுபடவில்லை, ஒரு நிமிடம்கூட அறுபடவில்லை. ஆனால் இடி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் பதில்கள் கடலுக்கு அப்பாலிருந்து, தூரத்து நகரத்திலிருந்து, ஆடி அசைந்து வரத் தொடங்கின. மழை விட்டது. தொட்டித் தண்ணீரில் வெயில் பட்டது. பதில்கள் இன்னும் அந்தத் தூரத்திலிருந்தே வந்தன.

கொழும்பு அங்கேதான் இருந்தது. பாதையும் திறந்திருந்தது. பிறகு யார் எங்களை அந்தத் தூரத்துக்கு அனுப்பியது?

எனக்குப் பதில் தெரிந்தபோது கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். இடி இடித்ததும் கரையோர வீடுகள் எல்லாம் ரவுட்டரைக் கழற்றுகின்றன. கம்பனியின் அமைப்புக்கு அந்த வீடுகள் எல்லாம் ஒரு மணித்தியாலத்துக்குள் காணாமல் போகின்றன. அமைப்பு என்ன நினைக்கும்? கரைக்குப் போகும் பாதை உடைந்துவிட்டது என்று நினைக்கும். மிச்சமிருக்கும் வீடுகளைக் காப்பாற்றுவதாக எண்ணி, முழுக் கரையையும் தூரத்து நகரத்துக்கு மாற்றும். மாற்றியதை உடனே திருப்பாமல், பாதை நிச்சயம் சரியாகிவிட்டது என்று நம்பும் வரை மணிக்கணக்கில் அப்படியே வைத்திருக்கும். மழை விட்டு ராத்தா பிளக்கைப் போட்டு, துணியை எடுத்துக் காட்டும்போது, அவருடைய படம் உறைவது அதனால்தான். மழையால் அல்ல. உப்புக் காற்றாலும் அல்ல. எங்கள் ஆட்களின் கவனத்தை ஒரு பெரிய இயந்திரம் உடைசல் என்று வாசித்துக்கொண்டிருந்தது.

நானும் அதே பிழையைத்தான் செய்திருந்தேன், பொறியியலாளரும் அதைத்தான் செய்தார். மௌனத்தைப் பார்த்தோம், ஏன் என்று கேட்கவில்லை.

ஆனால் இதை ஒரு பண்ணைப் பெட்டியை வைத்து நிரூபிக்க முடியாது. வீடுகளில் கரண்ட் போயிருக்கும் என்று சொல்லிவிடுவார்கள். அன்று பின்னேரமே ராத்தாவிடம் போனேன்.

"ராத்தா, போன கிழமை எந்த நாளில, எத்தின மணிக்குப் பெட்டியக் கழட்டினீங்க எண்டு ஞாபகமிருக்கா?"

"ஞாபகம் எதுக்கு? எழுதித்தானே வச்சிருக்கன்."

அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில் கடைக்காரர் தந்த மாதக் கலண்டர் தொங்கியது. ஒவ்வொரு நாள் கட்டத்துக்குள்ளும் பென்சிலால் பொடி எழுத்தில் இரண்டு நேரங்கள். எடுத்து வைத்தது, திரும்பப் போட்டது. நாலு மாதத்துத் தாள். ஒரு நாள் விடவில்லை.

"அமானிதம் தங்கச்சி. எங்க இருந்திச்சு எண்டு கேட்டா நான் சொல்லோணுமே."

நான் அவரைக் கட்டிப்பிடித்தேன். அவர் கையிலிருந்த குண்டூசி என் தோளில் குத்தியது. அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு எல்லா வீட்டுக்கும் ஒரு கொப்பியும் ஒரு பேனையும் கொடுத்தேன். கழற்றும் நேரம், போடும் நேரம், இவ்வளவுதான் எழுத வேண்டும். கழற்ற வேண்டாம் என்று ஒருவரிடமும் சொல்லவில்லை. உடப்பு அக்காவுக்கு மட்டும் பெட்டியைச் சாமியறையிலிருந்து எழுப்பி வைக்கச் சொன்னேன். ஐப்பசி எனக்கு உதவியது. தினமும் இடித்தது. தினமும் வாப்பாவோடு போய்க் கொப்பிகளைப் படம் பிடித்தேன்.

எழுதியதைப் பெட்டிகளின் தரவோடு சேர்த்து வைத்தபோது, கரண்ட் போன கதை எடுபடாமல் போயிற்று. கரண்ட் போனால் எல்லா வீடும் ஒரே நொடியில் போகும். இங்கே வீடுகள் ஒன்றன்பின் ஒன்றாக அணைந்தன. முதலில் முந்தல் பக்கத்து வீடுகள், பிறகு உடப்பு, பிறகு களப்பைத் தாண்டி எங்கள் குடியிருப்பு, கடைசியாக ஆலங்குடா. இடி நடந்து வரும் வழியே அது. யார் வீட்டில் எப்போது கேட்டதோ அப்போது கழற்றியிருக்கிறார்கள். ராத்தாவின் கலண்டர் மட்டும் ஒவ்வொரு தடவையும் பெட்டியின் நேரத்தை விட ஏழு நிமிடம் கூடுதலாக நின்றது. முதலில் பயந்தேன். பிறகு அவர் வீட்டுச் சுவர் மணிக்கூட்டைப் போய்ப் பார்த்தேன். தொழுகை பிந்தக் கூடாது என்று ஏழு நிமிடம் முந்தி வைத்திருந்தார்.

பட்டியலைப் பூட்டுவதற்கு முந்திய நாள் பின்னேரம் இறுதிக் கூட்டம். பேராசிரியர் கொழும்பிலிருந்து, பொறியியலாளர் அவருடைய தூறல் ஜன்னலோடு, நான் எங்கள் முன்னறையில். இந்த முறை கமராவைத் திறந்து வைத்திருந்தேன். பொறியியலாளர் கவனமாகக் கேட்டார். கேட்டுவிட்டுச் சொன்னார்:

"சுவாரசியமானது. ஆனால் இத்தனை வீடுகள், ஒரே மணித்தியாலத்தில், தாங்களாகவே கழற்றும் என்பதை என்னால் கற்பனை செய்ய முடியவில்லை."

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். வெளியே வானம் உறுமியது. அடுத்த நொடி அவருடைய முகம் திரையில் அப்படியே நின்றது.

திரும்பினேன். உம்மா ரவுட்டரின் பிளக்கைக் கையில் பிடித்தபடி நின்றார்.

"உம்மா! நான் கூட்டத்துல இருக்கன்!"

"கூட்டமும் கீட்டமும். இடி கேக்கல்லயா? எழும்புங்க அதுல இருந்து!"

போனில் இருந்த டேட்டாவைப் பிடித்துத் திரும்பவும் சேர்ந்தேன். பொறியியலாளர் அனுதாபத்தோடு, "உங்கள் இணைப்பு விழுந்துவிட்டது" என்றார்.

"விழவில்லை" என்றேன். "என் உம்மா கழற்றினார். இடி இடிக்கிறது. உங்கள் அமைப்பைப் பாருங்கள். இப்போதே பாருங்கள். இன்னும் கொஞ்ச நேரத்தில் எங்கள் கரை உடைந்துவிட்டது என்று அது சொல்லும்."

அவர் பக்கத்துத் திரைக்குத் திரும்புவது தெரிந்தது. பேராசிரியர் தேநீர்க் கோப்பையை வைக்கும் சத்தம் கேட்டது. பொறியியலாளர் பார்த்துக்கொண்டே இருந்தார். காத்திருந்தோம். உம்மா எதற்காகவோ எனக்குப் பின்னால் வந்து நின்றார், கையில் இன்னும் பிளக்கோடு.

"மாற்றிவிட்டது" என்றார் கடைசியில், மெதுவாக. பிறகு, "முந்தல் பெட்டி உயிரோடுதான் இருக்கிறது. பாதை உடையவே இல்லை" என்றார்.

"ராத்தாவின் கலண்டர் படங்களை அனுப்பியிருக்கிறேன். ஏழு நிமிடத்தைக் கழித்துவிட்டுப் பாருங்கள்."

அவர் பார்த்தார். அந்த ஏழு நிமிடம்தான் தன்னை நம்ப வைத்தது என்று பின்னொரு நாள் சொன்னார். பொய்யாக எழுதுகிறவர் தரவோடு பொருத்தித்தான் எழுதுவார், எல்லா நாளும் ஒரே அளவு பிசகி எழுதமாட்டார் என்றார். அன்று கேட்டது வேறு.

"அந்த மக்களிடம் கழற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொள்ள முடியுமா?"

"முடியாது" என்றேன். "இடியில் வீடு எரிந்தவர்கள் எங்கள் பக்கம் இருக்கிறார்கள். அவர்கள் செய்வது சரி. உங்கள் அமைப்புத்தான் பழக வேண்டும்."

பேராசிரியர் தொண்டையைச் செருமினார். என்னை அடக்கப் போகிறார் என்று நினைத்தேன். "அவள் சொல்வது பல்கலைக்கழகத்தின் நிலைப்பாடும்தான்" என்றார். எனக்கு இன்றைக்கும் அதை நினைத்தால் நெஞ்சு நிறைகிறது.

கரை பட்டியலில் நின்றது. அதோடு முடிந்துவிடவில்லை. கட்டுரை எழுதியபோது கம்பனியின் வேறொரு பிரிவிலிருந்து திருத்தங்கள் வந்தன. எங்கள் வீடுகள் கழற்றுவதைப் 'பாவனையாளர் தவறு' என்று குறித்திருந்தார்கள். நான் அதை அடித்துப் 'பாவனையாளர் வழக்கம்' என்று போட்டேன். திரும்பவும் தவறு என்று வந்தது. திரும்பவும் வழக்கம் என்று அனுப்பினேன். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும். எத்தனையாவது தடவையில் நகர்ந்தது என்று நான் எண்ணவில்லை. கடைசியில் நின்றது வழக்கம். அதற்கு முன்னால், முதல் பக்கத்தில், ஆய்வாளரின் தவறு என்று என் கதையும் அலுமாரியோடு நின்றது.

அமைப்பைத் திருத்தியவர் அந்தப் பொறியியலாளரே. வீடுகள் மெல்ல மெல்ல, இடி போகும் திசையில் அணைந்தால் அவசரப்படாமல், இன்னும் எரிகிற ஒரு விளக்கையாவது கேட்டுவிட்டு முடிவெடுக்கும்படி மாற்றினார். எங்கள் கரைக்கு அந்த விளக்கு முந்தல் பண்ணை. இறாலுக்குக் காற்றடிக்கும் பலகையில் தொங்கும் பெட்டியைக் கேட்டுத்தான் இப்போது ஒரு பெரிய கம்பனியின் இயந்திரம் எங்களைப் பற்றித் தீர்மானிக்கிறது. வாப்பா இதை ஓட்டோவில் ஏறும் எல்லாருக்கும் சொல்கிறார். பாதிப் பேர் நம்புவதில்லை.

சித்திரை மழையில், இடி ஓய்ந்த ஒரு பின்னேரம் ராத்தா வீட்டுக்குப் போனேன். அவர் அலுமாரியிலிருந்து பெட்டியை எடுத்து, துணியை அவிழ்த்து, பிளக்கைப் போட்டு, கலண்டரில் குறித்துவிட்டு, போனைத் தாங்கியில் வைத்தார். கறுப்பு அபாயா ஒன்றின் கைவேலையைக் காட்டத் தொடங்கினார். நான் கதவோரத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். படம் ஓடியது. அவருடைய கை துணியில் நகர, திரையிலும் நகர்ந்தது. கத்தாரிலிருந்து ஒருவர் கேள்வி கேட்டார், ராத்தா பதில் சொன்னார், அவர் அதற்கு மறுகேள்வி கேட்டார். யாரும் கழன்று போகவில்லை.

முடிந்ததும் ராத்தா ஜன்னலால் எட்டி வானத்தைப் பார்த்தார்.

"இந்த வருஷத்து மழ நல்ல மழ தங்கச்சி. நெட்டக் கெடுக்கல்ல."

என்னால் பொறுக்க முடியவில்லை. "மழையில்ல ராத்தா! நான்! நானும் உங்கட கலண்டரும்!"

எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே கேட்டார், கொஞ்சம் நம்பினார். பிறகு முகம் மாறியது. எழும்பிப் போய்ப் பிளக்கைக் கழற்றி, பெட்டியைத் துடைத்து, வெள்ளைத் துணியில் சுற்றி, இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார்.

"அப்ப வேல முடிஞ்சிட்டுதானே. இந்தாங்க, அமானிதம். தந்தபடியே இருக்கு. பாத்து எடுங்க."

நான் பெட்டியை வாங்கவில்லை.

"முடியல்ல ராத்தா. அடுத்த ஆய்வுக்கும் எங்கட கரையத்தான் கேட்டிருக்காங்க. முதல் பேரா உங்கட வீட்ட. வச்சிருப்பீங்களா?"

ராத்தா பெட்டியைத் திரும்ப நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். அலுமாரிக் கதவைத் திறந்து, பென்சில் கோடுகளால் நிறைந்த தாளைப் பார்த்தார்.

"ஓம், வச்சிருக்கன். ஆனா கட்டம் பெருசாயிருக்கிற கலண்டர் ஒண்டு கொண்டு வாங்க. இதுல எழுத இடமில்ல."